சிசரா, சிசர்ஸா, ஷியர்ஸா? கத்தரிக்கோலுக்கு ஆங்கிலத்தில் எதை எப்போது சொல்வது

பட்டியல்காரி எழுதியது:

வணக்கம். எங்கள் பள்ளியில் கைவினை வகுப்புக்கு வேண்டிய சாமான்களை ஆங்கிலத்தில் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். ‘சிசர் - 40’ என்று எழுதினேன். அலுவலகத்தில் ஒருவர், அப்படி ஒரு சொல்லே கிடையாது, ‘சிசர்ஸ்’ என்று திருத்துங்கள் என்கிறார். இன்னொருவர் ‘40 பேர்ஸ் ஆஃப் சிசர்ஸ்’ என்றுதான் போட வேண்டும் என்கிறார். அப்படிப் போட்டால் கடைக்காரர் எண்பதை அனுப்பிவிட மாட்டாரா?

அதோடு துணி வெட்டப் பெரியதாக இரண்டு வேண்டும். விலைப்பட்டியலில் அதை ‘ஷியர்ஸ்’ என்று போட்டிருக்கிறார்கள், விலையும் பல மடங்கு. இது அதே சாமானா, வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இலக்கணப்புலி எழுதியது:

எழுதும்போது ‘சிசர்ஸ்’ தான், எப்போதும் பன்மை. மேசையில் ஒன்றே ஒன்று கிடந்தாலும் ‘தி சிசர்ஸ் ஆர் ஆன் தி டேபிள்’. ‘இஸ்’ போடக் கூடாது. டிரவுசர்ஸ், ஸ்பெக்டகிள்ஸ், பிளையர்ஸ், ட்வீசர்ஸ் எல்லாம் இதே கூட்டம். எண்ணிச் சொல்ல வேண்டுமானால் ‘பேர் ஆஃப்’ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எண்பது வருமோ என்ற பயம் வேண்டாம். ‘எ பேர் ஆஃப் ஷூஸ்’ என்றால் இரண்டு உருப்படி, ஒன்று தொலைந்தாலும் மற்றது ஷூதான். ‘எ பேர் ஆஃப் சிசர்ஸ்’ என்றால் ஒரே உருப்படி. இரண்டாகப் பிரித்தால் கையில் எஞ்சுவது கத்தரிக்கோலே அல்ல.

ஒரு விதிவிலக்கு. இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டும்போது கடைசி ‘ஸ்’ பெரும்பாலும் உதிர்ந்துவிடும்: சிசர் லிஃப்ட், சிசர் கிக், சிசர் ஜாக். டிரவுசர் பாக்கெட் என்கிறோமே, அதே கதை. வினைச்சொல்லாக வந்தாலும் ‘டு சிசர்’ தான்.

சும்மா_வந்தேன் எழுதியது:

அப்படியென்றால் எங்கள் தாத்தா பெட்டிக்கடையில் ‘ஒரு சிசர் குடுப்பா’ என்று கேட்டதெல்லாம் இலக்கணப் பிழையா? வில்ஸ் கம்பெனி சிகரெட். அட்டையில் ‘சிசர்ஸ்’ என்றுதான் அச்சடித்திருக்கும், கத்தரிக்கோல் படமும் போட்டிருக்கும். கடைக்காரர் ஒரு நாளும் திருத்தவில்லை. (புகை உடல்நலத்துக்குக் கேடு. நான் பிடிப்பதில்லை.)

தியேட்டர்_அக்கா எழுதியது:

புலி சார், ஆபரேஷன் தியேட்டரில் வந்து ‘பேர் ஆஃப் சிசர்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அறுவை முடிந்து வயிற்றை மூடுவதற்கு முன் கருவிகளை எண்ணுவோம். அப்போது ‘சிசர் நாலு’ என்றுதான் சொல்வோம். டாக்டர்களும் அப்படியே.

சொல்லப்போனால் மேசையில் அந்தப் பொதுப்பெயருக்கே வேலை குறைவு. ‘மேயோ’ என்று கை நீட்டினால் ஒன்று, ‘மெட்ஸ்’ என்றால் வேறொன்று. மேயோ தடித்த அலகு. அதில் நேரானது தையல் நூலை வெட்ட, வளைந்தது கெட்டியான திசுவுக்கு. மெட்ஸ் என்பது மெட்சன்பாம், அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர். கைப்பிடி நீளம், அலகு குட்டை, மெல்லிய திசுவைப் பிரித்தெடுக்க. மெட்ஸால் நூலை வெட்டினால் திட்டு நிச்சயம், ஏனென்றால் அடுத்த முறை அது திசுவை வெட்டாது, நசுக்கும். கட்டுத்துணி வெட்ட லிஸ்டர் சிசர் தனி. அதன் கீழ் அலகின் நுனி தட்டையாக மொழுக்கென்று இருக்கும், தோலுக்கும் கட்டுக்கும் நடுவில் நுழைத்தாலும் குத்தாது.

பிடி தங்க நிறத்தில் இருந்தால் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். வெட்டும் விளிம்பில் டங்ஸ்டன் கார்பைடு என்ற கெட்டிப் பொருளைப் பதித்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. விலையும் அதற்கேற்ப.

காஜாபட்டன் எழுதியது:

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன், அதனால் இது என் சோற்று விஷயம்.

தமிழில் நாங்கள் எல்லாவற்றையும் கத்திரி என்றுதான் சொல்வோம், பெரிய கத்திரி, சின்னக் கத்திரி, அவ்வளவே. ஆங்கிலப் பட்டியலில் மட்டும் பிரித்துப் போடுவார்கள். ஏறக்குறைய ஆறு அங்குலம் வரை இருந்து, இரண்டு வளையமும் ஒரே அளவாக இருந்தால் சிசர்ஸ். அதற்கு மேல் நீளம், கட்டைவிரலுக்குச் சின்ன வளையம், மற்ற விரல்கள் மொத்தமாக நுழையும் அளவுக்குப் பெரிய வளையம் என்றால் ஷியர்ஸ். நல்ல டெய்லர் ஷியர்ஸில் பிடி மேல்நோக்கி வளைந்திருக்கும். காரணம், துணி மேசையை விட்டு எழும்பக் கூடாது. கீழ் அலகு மேசையோடு ஒட்டி ஊர்ந்துகொண்டே போக வேண்டும். நேர்ப் பிடி உள்ளதை வைத்து வெட்டினால் கைக்கு இடம் வேண்டி துணியைத் தூக்குவீர்கள். தூக்கினால் அடி மடிப்பு நகரும், இடது முன்பீஸும் வலது முன்பீஸும் ஒன்றாக வராது. பிறகு தையலில் இழுத்துச் சரிக்கட்டி, போட்டுப் பார்க்கும்போது சட்டை ஒரு பக்கம் ஏறிக்கொண்டு நிற்கும். பழியெல்லாம் தைத்தவன் தலையில்.

பள்ளிக்கு எட்டு அங்குலமோ பத்து அங்குலமோ போதும். பன்னிரண்டு வாங்காதீர்கள், பழகாத கைக்கு வலிக்கும். இன்னொன்று: அந்த இரண்டையும் பூட்டி வையுங்கள். பிள்ளைகள் அதில் சார்ட் பேப்பர் வெட்டினால் அன்றோடு முடிந்தது.

பட்டியல்காரி எழுதியது:

பேப்பர் வெட்டினால் மழுங்கும் என்று எங்கள் அம்மாவும் திட்டுவார். துணியைவிடப் பேப்பர் அவ்வளவு கடினமா என்ன? அதோடு, விலை ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதை யாரும் சொல்லவில்லை.

லேத்து_கோயம்புத்தூர் எழுதியது:

கடினம் பேப்பரில் இல்லை, அதில் சேர்த்திருக்கும் தூளில். பேப்பர் வெள்ளையாகவும் வழவழப்பாகவும் வர வேண்டும் என்று வெள்ளைக் களிமண், கால்சியம் கார்பனேட் போன்ற கனிமத் தூள் சேர்க்கிறார்கள். வெட்டும் ஒவ்வொரு தடவையும் விளிம்பை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். தேய்ந்த அதே விளிம்பு பேப்பரை இன்னும் நன்றாகவே வெட்டும், ஏனென்றால் பேப்பர் விறைப்பானது. துணி தொளதொள என்று இருப்பதால் அலகுகளுக்கு நடுவில் மடங்கிப் புகுந்துவிடும். உங்கள் அம்மா சொன்னது சரிதான்.

விலைக்கு வருவோம். பழைய முறையில் அலகு, பிடி இரண்டும் சேர்த்து ஒரே துண்டாக உலையில் காய்ச்சி அடித்து எடுப்பார்கள். டெய்லர் ஷியர்ஸ் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். மற்றது, எஃகுத் தகட்டில் அலகை வெட்டி எடுத்து, அதன் வாலில் பிளாஸ்டிக் பிடியை அச்சில் வார்ப்பது. 1967-இல் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் கம்பெனி அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆரஞ்சு நிறப் பிடி போட்டது. அந்த நிறம் யாரும் திட்டமிட்டதல்ல என்பார்கள். அதற்கு முன் அதே எந்திரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஜூஸ் பிழியும் சாமான் வார்த்திருக்கிறார்கள், மிச்சமிருந்த பிளாஸ்டிக்கில் மாதிரி போட்டுப் பார்த்தார்கள், அதுவே பிடித்துப் போயிற்று. 1649-இல் இரும்பு உருக்கும் ஆலையாகத் தொடங்கிய கம்பெனியை இன்று உலகம் அந்த நிறத்தை வைத்து அடையாளம் காண்கிறது. கத்தரிக்கோல் வீட்டுக்கு நாலு என்ற நிலைக்கு வந்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

பீச்சாங்கை எழுதியது:

நாற்பதையும் ஒரே மாதிரி ஆர்டர் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். உங்கள் வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகளாவது இருப்பார்கள். அவர்களுக்கு அது வெட்டாது. வெட்டாததற்கு ‘கையைச் சரியாப் பிடி’ என்று திட்டு வாங்குவார்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

சும்மா_வந்தேன் எழுதியது:

இரண்டு வளையமும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, எந்தக் கையில் பிடித்தால் என்ன? திருப்பிப் பிடித்துக்கொண்டால் ஆயிற்று.

லேத்து_கோயம்புத்தூர் எழுதியது:

திருப்பினால் ஆகாது, தம்பி. வீட்டில் ஒரு கத்தரிக்கோல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வலதுகையில் பிடித்து நுனி முன்னால் இருக்கும்படி வைத்தால் மேல் அலகு வலப்பக்கம் இருக்கும். இப்போது தலைகீழாகத் திருப்புங்கள். மேலே வந்த அலகு இப்போதும் வலப்பக்கமே! எத்தனை தடவை திருப்பினாலும் அப்படித்தான். இடதுகைக்கு என்று செய்ததில் மேல் அலகு இடப்பக்கம் இருக்கும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி.

இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு அலகும் முழு நீளத்துக்கு ஒட்டி உரசுவதில்லை. நல்ல கத்தரிக்கோலை மூடி, பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அலகுகளை ஒன்றை நோக்கி ஒன்று மிகச் சிறிதாக வளைத்திருப்பார்கள். மூட மூட, விளிம்பும் விளிம்பும் ஒரே ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளி, இரண்டு அலகையும் பூட்டும் ஆணியிலிருந்து நுனி வரை நகர்ந்து போகும். வெட்டு விழுவது அங்கே மட்டும்தான்.

அந்தத் தொடுதலை இறுக்கிப் பிடிப்பது உங்கள் கை. வலதுகையை மூடும்போது கட்டைவிரல் தன்னையறியாமல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். வலதுகைக் கத்தரிக்கோலில் இந்த விசை இரண்டு அலகையும் சேர்த்து அழுத்தும். அதையே இடதுகையில் பிடித்தால் அதே தள்ளலும் இழுப்பும் அலகுகளைப் பிரித்துவிடும். பேப்பர் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும்.

பீச்சாங்கை எழுதியது:

அதேதான். இன்னொரு தொல்லை, கோடு தெரியாது. மேல் அலகு வலப்பக்கம் இருப்பதால், இடதுகைக்காரன் வரைந்த கோட்டைப் பார்க்க அலகுக்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் எங்கள் பேப்பர் பூவெல்லாம் எப்போதும் கோட்டுக்கு அரை விரல் தள்ளியே வெட்டுப்பட்டிருக்கும்.

வளர்ந்தவர்கள் ஒரு தந்திரம் பழகியிருப்போம்: கட்டைவிரலை வெளியே தள்ளாமல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு வெட்டுவது. கொஞ்ச நேரத்தில் விரல் மூட்டு சிவந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி வரும்? அட்டையில் ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’, இரு கைக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வளையத்தின் வடிவத்தை மட்டும் பொதுவாக்கியிருப்பார்கள், அலகு வலதுகைக்குத்தான் இருக்கும். ‘லெஃப்ட் ஹேண்டெட்’ என்று தனியாகப் போட்டு நான்கு கேளுங்கள்.

காஜாபட்டன் எழுதியது:

எங்கள் தெருவில் ஒரு மாஸ்டர், சாப்பிடுவதைத் தவிர எல்லாம் இடதுகைதான். ஆனால் கத்திரி மட்டும் வலதுகை. அவர் தொழில் பழகின காலத்தில் இடதுகைக் கத்திரியை யார் கண்டார்?

பட்டியல்காரி எழுதியது:

எனக்கு இது தெரியவே தெரியாது. பீச்சாங்கை அண்ணா, நன்றி. பட்டியலில் 36 + 4 என்று பிரித்துவிட்டேன்.

மழைநாட்டான் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்து ஆள், பல வருடமாக இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கிறேன். கத்தி, கத்தரிக்கோல், முள்ளுக்கரண்டி என்றால் இந்த ஊர்தான். 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் இங்கேதான் மூசையில், அதாவது சுடுமண் பாத்திரத்தில், எஃகை உருக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த எஃகில் 1761-இல் ராபர்ட் ஹின்ச்லிஃப் கத்தரிக்கோல் செய்து விற்கத் தொடங்கினார். இன்று கைத்தொழிலாகச் செய்கிறவர்கள் ஒன்றிரண்டு பட்டறைதான் மிச்சம்.

அந்தப் பட்டறைகளில் ஒரு வேலைக்காரருக்குப் பெயர் ‘புட்டர்’. முழுப் பெயர் இன்னும் வேடிக்கை, ‘புட்டர் டுகெதரர்’. அதாவது ஒன்றுசேர்ப்பவர். லேத்து அண்ணா சொன்ன அந்த மெல்லிய வளைவைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொண்டுவருவது இவர்தான். இரண்டு அலகையும் ஆணியில் பூட்டுவார், திறந்து மூடிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார், கழற்றுவார், திரும்பத் தட்டுவார். இது பிடிபட வருடக்கணக்கில் ஆகும். ஒரு முறை சேர்த்த அலகு அதன் சோடியோடுதான் வெட்டும். பக்கத்திலிருக்கும் அதே அளவுக் கத்தரிக்கோலின் அலகைக் கழற்றிப் பூட்டினால் வெட்டாது.

புலி ஐயா ‘பேர்’ என்பதை இலக்கணமாகச் சொன்னார். இங்கே பட்டறையில் அது இலக்கணம் இல்லை. அலகுகளை உண்மையிலேயே சோடி பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

இலக்கணப்புலி எழுதியது:

மழைநாட்டார் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பன்மை வந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வரும்போதே பன்மையாகத்தான் வந்தது. லத்தீனில் ‘கைசோரியா’ அல்லது ‘சிசோரியா’ என்று படிக்கத்தக்க ஒரு பன்மைச் சொல், வெட்டும் கருவிகள் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘வெட்டு’ என்ற அதே லத்தீன் வேரிலிருந்துதான் உளிக்கான ‘சிசல்’, அறுவைக் கீறலான ‘இன்சிஷன்’ எல்லாம் வந்தன. ‘டிசைட்’ கூட அதுதான். முடிவெடுப்பது என்றால் மற்றதை வெட்டித் தள்ளுவது.

மாணவர்கள் திணறும் எழுத்துப் பிரச்சினை ஒன்று உண்டு. முதல் ‘எஸ்’ஸுக்குப் பிறகு ஒரு ‘சி’ சும்மா நிற்கிறதே, அது எதற்கு? பழைய ஆங்கிலக் கையெழுத்துகளில் அது இல்லை, ‘எஸ்’ஸில் தொடங்கிச் சாதாரணமாக எழுதினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் லத்தீன் படித்த பெரிய மனிதர்கள், இது ‘கிழி’ என்ற பொருள் தரும் வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது என்று எண்ணி, ‘சி’யைச் செருகிவிட்டார்கள். ஐந்நூறு வருடமாக அந்தச் ‘சி’க்கு உச்சரிப்பும் இல்லை, வேலையும் இல்லை. பிள்ளைகள் டிக்டேஷனில் மார்க் இழப்பது மட்டும் நிற்கவில்லை.

தியேட்டர்_அக்காவுக்கு: பேச்சில் ‘சிசர்’ என்று ஒருமையாகச் சொல்வது இந்தியாவில் மட்டும் அல்ல, சில அகராதிகளும் அதைப் பதிவு செய்திருக்கின்றன. கருவியை எண்ணும்போது தாராளமாகச் சொல்லுங்கள். பரீட்சையில் எழுதாதீர்கள்.

தியேட்டர்_அக்கா எழுதியது:

பரீட்சை எழுதும் வயதெல்லாம் போயிற்று சார். ‘சிசர் நாலு’ தொடரும்.

சும்மா_வந்தேன் எழுதியது:

புலி சார் சொன்ன சிசர் கிக், சிசர் லிஃப்ட் பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டார். கபடி! ரெய்டு வந்தவரை இரண்டு காலாலும் பின்னி இறுக்கிப் பிடிப்பதற்கு விதிப்புத்தகத்தில் ‘சிசர்ஸ்’ என்றுதான் பெயர். அது ஃபவுல். ஊர்த் திடலில் அதைப் பிடி என்றே சொல்லிக்கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

கார் டிக்கியில் கிடக்கும் ஜாக்கி பெரும்பாலும் சிசர் ஜாக்தான். நடுவில் திருகாணி, நாலு கை, திருகத் திருக நடு ஒடுங்கி உயரம் கூடும். கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் கட்ட ஏறும் மேடைவண்டியும் அதே தத்துவம், பெருக்கல் குறிகளை அடுக்கி வைத்தது.

வடக்கே வேலை பார்த்தபோது கேட்டது: பார் வைத்த பெரிய சைக்கிளில் கால் எட்டாத பையன்கள் பாருக்குக் கீழே காலை விட்டு ஓட்டுவார்களே, நம் குரங்குப் பெடல், அதை அங்கே ‘கைஞ்சி’ என்கிறார்கள். கைஞ்சி என்றால் கத்தரிக்கோல். குரங்கைவிட அது மரியாதையாகத்தான் இருக்கிறது.

பழையபுத்தகம் எழுதியது:

கருவியே இல்லாமல் அந்தச் சொல் புகுந்த இடம் ஒன்று உண்டு, பொருளாதாரம். 1923-இல் சோவியத் நாட்டில் ஆலையில் செய்யும் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போனது, விளைபொருளின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோடாக இழுத்தால், ஒன்றையொன்று வெட்டிக் கடந்து, திறந்த கத்தரிக்கோல் மாதிரி விரிந்து நின்றது. சோவியத் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் இதை எடுத்துப் பேச, ‘சிசர்ஸ் கிரைசிஸ்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. தானியத்தை விற்றுத் துணியோ கலப்பையோ வாங்க முடியாது என்றானபோது குடியானவர்கள் தானியத்தைச் சந்தைக்கே கொண்டுவராமல் நிறுத்தினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் விரிசல் உச்சத்துக்குப் போய், ஆலைப் பொருள்களின் விலையை அரசு இறக்க வேண்டியதாயிற்று.

விரிந்தால் ஆபத்து, மூடினால் நிம்மதி என்று கத்தரிக்கோலைத் தலைகீழாகப் பயன்படுத்திய உவமை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உர விலையையும் தக்காளி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

பத்திரிகைக்காரர்கள் ‘சிசர்ஸ் அண்ட் பேஸ்ட்’ என்று ஒன்று சொல்வார்கள். நாலு இடத்தில் வெட்டி ஒட்டி ஒப்பேற்றிய கட்டுரை. வசவுதான். ஆனால் அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் உண்மையாகவே தட்டச்சுத் தாளைக் கத்தரித்து, பத்தியை இடம் மாற்றிப் பசை போட்டு ஒட்டினார்கள். கம்ப்யூட்டரில் ‘கட்’ பொத்தானில் இருக்கும் கத்தரிக்கோல் படம் அந்த வேலையிலிருந்து வந்ததுதான்.

மாடித்தோட்டம் எழுதியது:

தோட்டக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். கிளை வெட்டுவதை பிரிட்டனில் ‘செக்கட்டர்ஸ்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ப்ரூனர்ஸ்’. வாங்கும்போது ‘பைபாஸ்’ என்று இருக்கிறதா, ‘ஆன்வில்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பைபாஸில் ஒரு அலகு இன்னொன்றைத் தாண்டிப் போகும், கத்தரிக்கோல் மாதிரியே. ரோஜா, செம்பருத்தி பச்சைக் கொம்புக்கு அதுதான் சரி. ஆன்வில்லில் அலகு ஒரு தட்டையான கட்டை மேல் இறங்கும். பச்சைக் கொம்பை நசுக்கிவிடும், காய்ந்த குச்சிக்குத்தான் லாயக்கு.

லேத்து_கோயம்புத்தூர் எழுதியது:

தகடு வெட்டுவதற்கு ‘ஸ்னிப்ஸ்’. ஏசி டக்ட் வேலை செய்கிறவர்கள் பையில் மூன்று நிறப் பிடியில் பார்க்கலாம். மஞ்சள் நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம். புதிதாக வருகிறவர்கள் சிவப்பு இடதுகைக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். பிடிக்கும் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெட்டு போகும் திசைதான் கணக்கு.

காஜாபட்டன் எழுதியது:

இவ்வளவு பேசினோம், நம் நாட்டுச் சரக்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. உத்தரப் பிரதேசத்தில் மீரட். அங்கே கைஞ்சி பஜார் என்றே ஓர் இடம் இருக்கிறது. பழைய வண்டிகளின் பட்டை ஸ்பிரிங் மாதிரி கழிவு எஃகை வாங்கி, காய்ச்சி அடித்து அலகு செய்வார்கள், பிடி பித்தளை போன்ற உலோக வார்ப்பு. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தாத்தா வாங்கினால் பேரன் வரை வரும் என்று அங்கே ஒரு சொலவடை. என்னிடம் ஒன்று இருக்கிறது, கனம் அதிகம், ஆனால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி வெண்ணெய் மாதிரி போகும். சாணை பிடித்துப் பிடித்துப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் பிடி உள்ளதில் சாணை பிடிக்கும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம், அதனால் யாரும் பிடிப்பதில்லை, குப்பைக்குப் போகிறது.

பட்டியல்காரி எழுதியது:

மிக்க நன்றி எல்லோருக்கும். பட்டியல் இப்படி ஆயிற்று: சிறுவர்க்கான முனை மழுங்கியது, வலதுகை 36 பேர்ஸ், இடதுகை 4 பேர்ஸ். டெய்லர் ஷியர்ஸ் 10 அங்குலம், 2 பேர்ஸ். கடைக்காரர் கூடவே ‘பிங்கிங் ஷியர்ஸ்’ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். விளிம்பு பல் பல்லாக இருக்கிறது. அது தேவையா? அதையும் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

காஜாபட்டன் எழுதியது:

துணி ஓரத்தை ஏறி இறங்கும் கோணல் கோடாக, பல் மாதிரி வெட்டும், அதனால் நூல் பிரிவது குறையும். ஓவர்லாக் மெஷின் இல்லாத இடத்தில் உபயோகம்தான். வெறும் காடாத் துணியில் பொம்மை தைக்கப் போகிறீர்கள் என்றால் அவசியமில்லை.

சாணைக்காரரிடம் அதைக் கொடுக்காதீர்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், சக்கரத்தில் வைத்தால் பல் போய்விடும். அதற்கென்று எந்திரம் வைத்திருப்பவர்கள் தனி.

லேத்து_கோயம்புத்தூர் எழுதியது:

சாதாரண ஷியர்ஸைக் கொடுக்கும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். சரிவாக இருக்கும் வெளிப்புற விளிம்பை மட்டும்தான் பிடிக்க வேண்டும். இரண்டு அலகும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தைச் சக்கரத்தில் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால், மேலே சொன்ன அந்தத் தொடுபுள்ளி போயிற்று. பளபளவென்று இருக்கும், வெட்டாது. திரும்ப வாங்கும்போது பழைய மெல்லிய துணி ஒன்றை நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். நுனி வரை இழுக்காமல் வெட்டினால் காசைக் கொடுக்கலாம். ஆணி லூசாக இருப்பதால்தான் துணி மடங்குகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சாணைக்கு வரும் கத்தரிக்கோல்களில் பாதிக்குச் சாணையே வேண்டாம், ஒரு திருகு போதும்.